நாற்பத்திரண்டாம் தெரு மீண்ட கதை

நியூயார்க் நகரின் நடுப்பகுதியில் தெருக்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது; எண்தான் உண்டு. கிழக்கு மேற்காகச் செல்பவை தெருக்கள்; தெற்கு வடக்காகச் செல்பவை அவென்யூக்கள். சதுரங்கப் பலகையை ஒத்த இந்த ஒழுங்கைச் சற்றும் மதியாமல், குறுக்கே சாய்ந்து செல்கிறது பிராட்வே என்னும் பழைய சாலை. அது ஏழாம் அவென்யூவை ஊடறுக்கும் இடத்தில், நீண்ட இரு முக்கோணங்களாக ஒரு வெளி உண்டாகியிருக்கிறது. அதுவே டைம்ஸ் ஸ்குவேர். ஸ்குவேர் என்றால் சதுரம் என்று நாம் படித்திருக்கிறோம். அங்கே சதுரமாக எதையும் நான் காணவில்லை!

அவ்வெளியின் தென்கோடியிலிருந்து மேற்கே எட்டாம் அவென்யூ வரை செல்லும் நாற்பத்திரண்டாம் தெருவின் ஒரு துண்டைப் பற்றியே இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன். விரைந்து நடந்தால் ஐந்து நிமிஷத்தில் கடந்துவிடலாம். ஆயினும் அமெரிக்க நாடகக் கலையின் வாழ்வும் தாழ்வும் இந்த ஐந்து நிமிஷத் தொலைவில் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் செல்வர்கள் பட்டும் மணியும் பூண்டு வந்திறங்கிய தெரு. பிறகு, நல்லவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்த தெரு. இன்று குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்து வருகிற தெரு. பாழ்பட்ட இடம் தானாகத் திருந்துவதில்லை. யாரோ திட்டமிட்டார்கள், யாரோ பணம் தந்தார்கள், யாரோ வெளியேற நேர்ந்தது. அந்த வரலாறு தெரிந்தபின் அங்கே நடந்தால், கண்ணைப் பறிக்கும் விளக்குகளுக்குப் பின்னால் இருப்பதும் சிறிது தென்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விடம் குதிரை வண்டி செய்வோரும் லாயக்காரர்களும் நிறைந்த பகுதி. லண்டன் மாநகரில் வண்டித் தொழில் நடந்த லாங் ஏக்கர் என்னும் தெருவின் பெயரையே இதற்கும் இட்டிருந்தனர். 1904-ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் புதிய மாளிகையை இங்கே எழுப்பியபோது, இடத்தின் பெயரும் டைம்ஸ் ஸ்குவேர் என மாறியது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் நகரின் சுரங்க ரயில் ஓடத் தொடங்கிற்று. ஐந்து சென்ட் கொடுத்தால் தொலைவிலிருந்தும் ஒருவர் இங்கே வந்திறங்கலாம். நாடகம் எவ்வளவு சிறந்ததாயினும் பார்ப்பவர் வந்து சேர வழி வேண்டும்; ஆட்டம் முடிந்த பின் வீடு திரும்பவும் வழி வேண்டும். களியாட்டத் தெருக்களின் வரலாற்றை எழுதுவோர் நடிகர்களைப் போற்றிவிட்டு ரயிலை மறந்துவிடுவது வழக்கம். அது நியாயமன்று.

ரயிலுக்குச் சற்று முன்பே துணிவுள்ள சிலர் கொட்டகைகளைக் கட்டத் தொடங்கியிருந்தனர். ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் என்பார் 1900-இல் ரிபப்ளிக் என்னும் அரங்கைத் திறந்தார். அதற்கு எதிர்ச்சாரியில் 1903-இல் எழுந்தது நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கு. கொடியும் மலரும் பின்னிய சிற்ப வேலைப்பாட்டால் அது நகரத்தையே வியக்க வைத்தது. 1913 முதல் 1927 வரை சீக்பெல்டு என்னும் தயாரிப்பாளரின் ஆடல் பாடல் காட்சிகள் பெரும்பாலும் இங்கேதான் அரங்கேறின. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட அந்தத் துண்டுத் தெருவில், பிற்காலம் வரை நிலைத்து நின்ற பழைய அரங்குகள் மட்டும் ஒன்பது.

1929-இல் வந்த பொருளாதார வீழ்ச்சி இந்தச் செழிப்பை முறித்தது. நாடகத்திற்குச் சீட்டு வாங்கப் பணமில்லை. ஆனால் பேசும் படம் வந்துவிட்டது, அதற்குச் சிறு காசு போதும். அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சினிமாக் கொட்டகைகளாயின. ரிபப்ளிக் அரங்கு 1931-இல் பெண்கள் உடை களைந்து ஆடும் மலிவான கேளிக்கைக்கு இடமாயிற்று. நகராட்சி அதைத் தடுத்தபின், 1942-இல் விக்டரி என்று பெயர் மாறிப் படம் காட்டியது. பிறகு வீடுதோறும் தொலைக்காட்சி வந்தது. வசதியுள்ளோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1970-களில் விக்டரியில் காட்டப்பட்டவை ஆபாசப் படங்கள். தெருவெங்கும் அதே வாணிகம். போதை மருந்து விற்போரும், பரத்தையரும், பையைப் பறித்து ஓடுவோரும் நடமாடினர். எட்டாம் அவென்யூவில் 1950-இல் திறக்கப்பட்ட பெரும் பஸ் நிலையத்தில், வீட்டை விட்டு ஓடிவந்த சிறுவர் சிறுமியர் இறங்கினால், அவர்களை வலைவீசிப் பிடிக்கத் தீயவர் காத்திருந்தனர். 1975-இல் நகராட்சியே கடனில் மூழ்கித் திவாலாகும் நிலைக்கு வந்தது. அப்போது தெருவைக் காக்க யாருக்கு நேரம்?

இந்த இருட்டைக் கூறும்போது ஒன்றையும் சேர்த்துக் கூறவேண்டும். 1978-இல் நகரப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் அறிஞர்கள் இத்தெருவை நேரில் ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தனர். அங்கே திரண்டோர் எல்லோரும் குற்றவாளிகள் அல்லர். குறைந்த வருவாயுள்ள மக்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் ஸ்பானிய மொழி பேசுவோரும், மலிவான சீட்டில் சண்டைப் படம் பார்க்கவும், பொழுதைப் போக்கவும் வந்தனர். வேறிடத்தில் அவர்களுக்கு அவ்வளவு குறைந்த செலவில் ஒரு மாலைப்பொழுது கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1980-களின் தொடக்கத்தில் மாகாண அரசாங்கமும் நகராட்சியும் கூடி ஒரு திட்டம் வகுத்தன. பொது நன்மைக்குத் தேவையானால், உரிய விலை தந்து தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசாங்கத்திற்கு உண்டு. அந்த அதிகாரத்தால் தெருவைக் கைப்பற்றி, டைம்ஸ் ஸ்குவேர் முனையில் நான்கு மாபெரும் அலுவலகக் கோபுரங்களைக் கட்டுவது. நிலம் வாங்கும் செலவைக் கோபுரம் கட்டுவோர் ஏற்பது. பழைய அரங்குகளையும் அவ்வழியே புதுப்பிப்பது. கோபுரங்களுக்குப் படம் வரைந்தவர் பிலிப் ஜான்சன் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரும் அவருடைய கூட்டாளியுமாவர். கல் போர்த்திய கனத்த கட்டடங்கள். விளம்பரப் பலகைகளின் ஆரவாரத்திற்கு அவற்றில் இடமில்லை. படத்தைக் கண்ட பலர் திடுக்கிட்டனர். கோட்டும் சூட்டும் அணிந்தவர் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுப் போகும் இடமாகவா டைம்ஸ் ஸ்குவேர் ஆகவேண்டும்? 1984-இல் எதிர்ப்பாளர்கள் ஒரு மாலை அங்குள்ள விளம்பர விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்துக் காட்டினர். வருங்காலம் இப்படித்தான் இருக்கும் என்று ஆயிரம் சொற்களில் கூறுவதைவிட அது நன்கு விளங்கிற்று.

அவர்கள் அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. 1982-இல், ஒரு ஹோட்டல் கட்டுவதற்காக, அருகிலிருந்த பழைய நாடக அரங்குகள் சில இடித்துத் தள்ளப்பட்டன. நடிகர்கள் தெருவில் அமர்ந்து மறித்தும் இயந்திரங்கள் நிற்கவில்லை. அந்த இழப்பே பின்னர் எஞ்சிய அரங்குகளைச் சட்டப்படி பாதுகாக்க வேண்டும் என்னும் உணர்வை ஊட்டிற்று.

திட்டத்தின் மீது நாற்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. அவை ஒவ்வொன்றாகத் தோற்றன. ஆனால் வழக்காடியே காலம் கழிந்தது. 1987-இல் பங்குச் சந்தை சரிந்தது; அலுவலகங்களுக்கு வாடகைக்காரர் குறைந்தனர். 1990-இல் அரசாங்கம் தெருவின் பெரும்பகுதியைக் கைப்பற்றிக் கடைகளை வெளியேற்றியபோது, யாருக்காக வெளியேற்றியதோ அந்தக் கோபுரங்களை எழுப்ப ஒருவரும் அவசரப்படவில்லை. 1992-இல் அவை ஒத்திவைக்கப்பட்டன. திட்டம் தோற்றது என்றே நாளிதழ்கள் எழுதின. என் கருத்தில், இத்தெருவுக்கு வாய்த்த பெரிய நல்லூழ் அந்தத் தோல்விதான். கோபுரங்கள் குறித்த காலத்தில் எழுந்திருந்தால், பழைய அரங்குகள் அவற்றின் நிழலில் காட்சிப் பொருள்களாகச் சுருங்கியிருக்கும். வரும் என்று நம்பிய வாடகைப் பணம் வராததால், பொழுதுபோக்கை அடித்தளமாகக் கொண்டு மீண்டும் சிந்திக்க வேண்டியதாயிற்று.

இடைப்பட்ட ஆண்டுகளில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. படத்தின் பெயரைத் தாங்கவேண்டிய பலகைகளில் எழுத ஒன்றுமில்லை. கலைஞர்கள் சிலர் அனுமதி பெற்று, அப்பலகைகளில் ஹைக்கூ என்னும் ஜப்பானியக் குறும்பாக்களை எழுதி வைத்தனர். மூடிய கதவும், அதன்மேல் மூன்று வரிக் கவிதையும்! பஸ் நிலையத்திற்கு ஓடுகிறவர் நிமிர்ந்து படித்துச் சென்றனர்.

1993-இல் ராபர்ட் ஸ்டெர்ன் என்னும் கட்டடக் கலைஞரின் குழு புதிய வழியொன்று காட்டிற்று. தெருவை ஒரே அச்சில் வார்க்க வேண்டாம். ஒவ்வொரு கடையும் தன் விருப்பம்போல் பளபளக்கட்டும். பலகைகள் ஒன்றோடொன்று போட்டியிடட்டும் என்பது அதன் சாரம். இத்தெருவின் இயல்பு சந்தடி என்பதை உணர்ந்து, அதை அடக்காமல் வளர்க்க முற்பட்டனர். ஏழு அரங்குகளின் பொறுப்பு, லாப நோக்கமற்ற புதிய அமைப்பு ஒன்றனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வமைப்பு முதலில் திறந்தது எதை என்கிறீர்கள்? அந்தப் பழைய விக்டரியை. 1995 டிசம்பரில், நியூ விக்டரி என்னும் பெயரோடு, அது குழந்தைகளுக்காகவே நடத்தப்படும் நாடக அரங்காயிற்று. ஆபாசப் படம் ஓடிய கொட்டகையில் குழந்தைகள்! இதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறென்ன இருக்க முடியும்?

நான் அங்கே ஒரு பகற்காட்சிக்குச் சென்றேன். சுமார் 500 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கு அது. வாயிலில் இரு புறமும் கல் படிக்கட்டுகள் வளைந்தேறுகின்றன. குவிமாடத்தின் விளிம்பில் பொன்னிறக் குழந்தைச் சிற்பங்கள் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கின்றன. எனக்கு முன்வரிசையில் ஒரு பள்ளியிலிருந்து வந்த மாணவர்கள். கழைக்கூத்தைப் போன்ற ஒரு காட்சியில் ஒருவர் மற்றொருவர் தோள்மேல் ஏறி நின்றபோது, அக்குழந்தைகள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் மௌனமானார்கள். அந்த மேடையின் கடந்தகாலம் அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கின் கதை வேறு. 1980-களில் மூடிக்கிடந்த அதன் கூரை ஓட்டை வழியே மழை கொட்டிச் சிற்பங்கள் உதிர்ந்தன. தரையில் காளான் முளைத்தது. உள்ளே பறவைகள் பறந்து திரிந்தன. 1993-இல் டிஸ்னி நிறுவனத்தின் தலைவர் கையில் விளக்குடன் உள்ளே சென்று பார்த்தார். அவர் தர்மத்திற்காக வந்தவரல்லர். புதுப்பிக்கும் செலவு மூன்று கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதியை மாகாண அரசாங்கமும் நகராட்சியும் குறைந்த வட்டிக்குக் கடனாகத் தரவேண்டும். அதோடு, வேறு இரு பெரிய பொழுதுபோக்கு நிறுவனங்களும் இத்தெருவுக்கு வர ஒப்புக்கொண்டால்தான் தாம் வருவதாக நிபந்தனை விதித்தார். அவ்வாறே ஒரு சினிமா நிறுவனமும், மெழுகுப் பொம்மைக் காட்சிசாலை நிறுவனம் ஒன்றும் முன்வந்தன. 1997-இல் அரங்கு திறந்தது. அவ்வாண்டு நவம்பரில் 'சிங்க ராஜா' இசைநாடகம் அங்கே அரங்கேறிற்று. பெரிய நிறுவனத்தின் துணிவால் தெரு மீண்டது என்று சிலர் எழுதுவர். துணிவுக்கு வட்டி கட்டியது பொதுமக்கள் பணம் என்பதையும் உடன் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

மாணவர்கள் கேட்டு மகிழத்தக்க ஒன்று உண்டு. 1912-இல் கட்டிய எம்பயர் என்னும் அரங்கு இருந்த இடம் புதிய கட்டடத் திட்டத்திற்கு இடைஞ்சலாயிற்று. இடிக்கவும் மனமில்லை. என்ன செய்தார்கள்? 1998-இல் கட்டடத்தை அடித்தளத்திலிருந்து பிரித்து, எஃகுத் தண்டவாளங்களின் மேல் ஏற்றி, நீரியல் விசையால் மேற்கே தள்ளினார்கள். எடை சுமார் 3,700 டன். நகர்ந்த தொலைவு ஏறத்தாழ 170 அடி. அவ்வரங்கில்தான் முதன்முதல் சேர்ந்து நடித்தனர் எனக் கூறப்படும் அபட், காஸ்டெல்லோ என்னும் நகைச்சுவை இரட்டையரைப் பெரிய காற்றுப் பொம்மைகளாகச் செய்து, அவர்களே கயிறு கட்டிக் கட்டடத்தை இழுப்பதுபோல் முன்னால் நிறுத்தி வைத்தனராம். இன்று அந்தப் பழைய அரங்கு, 25 திரைகள் கொண்ட சினிமா மாளிகையின் முகப்பு மண்டபமாக விளங்குகிறது. நான் அண்ணாந்து அதன் மேல்விதானத்தைப் பார்த்து நின்றபோது, பக்கத்தில் சோளப்பொரி வாங்க வரிசை நீண்டிருந்தது.

விளக்குகளைப் பற்றிச் சொல்லாமல் இவ்விடத்தைப் பற்றிச் சொன்னதாகாது. இரவில் அங்கே நிழல் விழுவதில்லை எனலாம். எல்லாப் பக்கமும் ஒளி. இது வியாபாரிகளின் ஆசையால் மட்டும் விளைந்ததன்று, சட்டத்தால் விளைந்தது. 1987-இல் நகராட்சி வகுத்த விதிப்படி, டைம்ஸ் ஸ்குவேரில் எழும் புதிய கட்டடங்கள் குறிப்பிட்ட அளவு ஒளிப்பலகைகளைத் தாங்கியே தீரவேண்டும். எவ்வளவு ஒளி போதும் என்று அளப்பதற்கு இவ்விடத்தின் பெயராலேயே ஒரு தனி அலகும் வகுத்தார்கள். மற்ற ஊர்களில் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம். இங்கே விளம்பரம் வைக்காவிட்டால் குற்றம்!

இன்னொரு விதி இன்னும் நுட்பமானது. நியூயார்க்கில் ஒரு மனையில் எவ்வளவு தளப்பரப்புக் கட்டலாம் என்பதற்கு வரம்புண்டு. நாடக அரங்கு தாழ்ந்த கட்டடம். அதன் தலைக்குமேல் கட்டப்படாத உரிமை வீணாகக் கிடக்கும். அரங்கை இடித்துக் கோபுரம் எழுப்ப உடைமையாளர் ஆசைப்படுவது அதனால்தான். 1998-இல் திருத்திய விதிப்படி, பாதுகாக்கப்பட்ட அரங்கின் உடைமையாளர் அந்த உரிமையை அரங்குகள் நிறைந்த அப்பகுதியிலேயே வேறொரு மனைக்கு விற்கலாம். ஆனால் அரங்கு அரங்காகவே தொடர வேண்டும். வெறும் வானத்தை விற்று மேடையைக் காப்பது என்று இதைச் சொல்லலாம். கலையைக் காக்க உபதேசம் செய்வதைவிட, இடிப்பதில் லாபமில்லாமற் செய்வது மேலான உபாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பழைய கூட்டம்? மலிவுச் சீட்டுக் கொட்டகைகள் மறைந்தன. சிறு கடைக்காரர்கள் ஈட்டுத்தொகை பெற்றுச் சென்றனர். வாடிக்கைக்கு ஈட்டுத்தொகை கிடையாது. சாமுவேல் டிலேனி என்னும் எழுத்தாளர் 1999-இல் வெளியிட்ட நூலில், வேறு வேறு வர்க்கத்தினர் அச்சமின்றிக் கலந்து பழகிய இடம் ஒன்று இத்தெருவோடு அழிந்தது என்று வாதிட்டார். அவர் கண்ட அந்த வாழ்வு முழுவதையும் நான் போற்றமாட்டேன். பஸ் நிலையத்தில் இறங்கிய சிறுமியரை எண்ணும்போது போற்ற மனம் வருவதில்லை. ஆயினும் அவர் கேள்வி நியாயமானது. இப்போது பிராட்வே நாடகச் சீட்டின் சராசரி விலை நூறு டாலருக்கு மேல். அன்றன்று விற்காத சீட்டுகளைக் குறைந்த விலைக்குத் தரும் சாவடி ஒன்று 1973 முதல் நாற்பத்தேழாம் தெரு முனையில் நடந்து வருவது ஓரளவு ஆறுதல். நான் நின்ற அன்று அதன் முன் மாணவர்களே மிகுதியாகக் காத்திருந்தனர்.

அச்சாவடியின் கூரையே சிவந்த கண்ணாடிப் படிக்கட்டு, 2008-இல் அமைத்தது. அதில் ஏறி அமர்வதற்குக் கட்டணமில்லை. 2009-இல் மேயர் புளூம்பர்க் காலத்தில், நாற்பத்திரண்டாம் தெரு முதல் நாற்பத்தேழாம் தெரு வரை பிராட்வேயில் வண்டிகள் நிறுத்தப்பட்டு, சாலை நடப்போருக்கு விடப்பட்டது. முதலில் மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டுப் பார்த்தார்கள். மக்கள் வந்து அமர்ந்தார்கள். பிறகு கல் பாவினார்கள். சிவப்புப் படிகளின் உச்சியில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். கீழே மேடை எதுவும் இல்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தனர். காசில்லாதவனும் கலந்துகொள்ளக் கூடியதாக இவ்விடத்தில் எஞ்சியிருப்பது இந்தக் காட்சிதான்.

கூட்டம் சேர்ந்த இடத்திற்குப் பிழைப்பைத் தேடி ஆட்கள் வருவார்கள். குழந்தைகளுக்குப் பிடித்த பொம்மை விலங்குகளின் வேடமணிந்து, படமெடுத்துக்கொள்ள நின்று, காசு கேட்போர் பெருகினர். அவர்களுள் பலர் வேற்று நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். தொல்லை என்று புகார் எழவே, 2016-இல் நகராட்சி தரையில் நிறம் தீட்டிக் கட்டங்கள் வகுத்து, அவற்றுக்குள் மட்டுமே காசு கேட்கலாம் என்று விதித்தது. நான் படியிறங்கி வந்தபோது விளக்குகள் முழுவீச்சில் எரியத் தொடங்கியிருந்தன. சிவப்பு உரோமத் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி, தம் கட்டத்தின் கோட்டைத் தாண்டாமல் நின்றுகொண்டு, ஒருவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.